கணுக்காலில் கட்டிய காவல்: மின்னணுக் கண்காணிப்புச் சேவை நிறுவனங்களை ஒப்பிடும் அளவுகோல்கள்

ஆய்வுச் சுருக்கம்

சிறைக்கு வெளியே தண்டனைக் காலத்தையோ பிணைக் காலத்தையோ கழிப்போரின் கணுக்காலில் பொருத்தப்படும் கண்காணிப்புக் கருவிகளை அமெரிக்காவும் இங்கிலாந்தும் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களிடமிருந்து பெறுகின்றன. நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கும்போது மின்கலத்தின் ஆயுள், இடங்காட்டும் துல்லியம், நாள் வாடகை ஆகியவையே முதலில் ஒப்பிடப்படுகின்றன. 2010க்கும் 2014க்கும் இடையில் வெளிவந்த நான்கு தோல்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. அவற்றுள் ஒன்று மட்டுமே கருவியின் குறையால் நேர்ந்தது. ஆகவே, எச்சரிக்கை எழுந்தபின் அதை யார் பெறுகிறார், யார் முடிவெடுக்கிறார், எதற்குக் கட்டணம் கணக்கிடப்படுகிறது என்பனவே ஒப்பீட்டின் மையமாக அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மின்னணுக் கண்காணிப்பு, நன்னடத்தை மேற்பார்வை, பரோல், ஒப்பந்தப்புள்ளி, பிணை.

கருவியின் தோற்றம்

1960களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைச் சார்ந்த ரால்ஃப் ஷ்விட்ஸ்கெபெலும் அவருடைய இரட்டைச் சகோதரர் ராபர்ட்டும் வானொலி அலைகளைக் கொண்டு இளங்குற்றவாளிகளின் இருப்பிடத்தை அறியும் கருவியை உருவாக்கினர். அவர்கள் தண்டிப்பதற்காக அதனைச் செய்யவில்லை. நல்ல நடத்தையை உடனுக்குடன் ஊக்குவிப்பதற்கான தொடர்புச் சாதனமாகவே கருதினர். அக்கருத்து நீதித்துறையில் எடுபடவில்லை.

இன்றைய வடிவத்திற்கு வழிவகுத்தவர் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகர நீதிபதி ஜாக் லவ். ஸ்பைடர்மேன் சித்திரக்கதையொன்றில் வில்லன் கதைத்தலைவனின் கையில் இடங்காட்டும் காப்பைப் பூட்டும் காட்சியைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் எழுந்தது. கணினி விற்பனையாளரான மைக்கேல் காஸ் அதற்குக் கருவி வடிவம் கொடுத்தார். 1983இல், நன்னடத்தை நிபந்தனையை மீறிய ஒருவருக்கு ஜாக் லவ் அதனை முதன்முதலாக அணிவித்தார். காஸ் தொடங்கிய சிறு நிறுவனம் நெடுநாள் நீடிக்கவில்லை. அதன் பணியை ஏற்றுக்கொண்ட கொலராடோ மாநிலத்தின் பிஐ நிறுவனம், அதற்குமுன் பண்ணை மாடுகளை அடையாளங்காணும் மின்னணுக் கருவிகளைச் செய்து வந்தது. மாட்டுக்குச் செய்த கருவியின் தொழில்நுட்பம் மனிதனின் காலுக்கு வந்த கதை இத்துறையின் வரலாற்றில் வேடிக்கையாகச் சொல்லப்படுவதுண்டு. அதை அணிந்தவர்களுக்கு அதில் வேடிக்கை இல்லை. 2011இல் தனியார் சிறைகளை நடத்தும் ஜியோ குழுமம் பிஐ நிறுவனத்தை வாங்கியது. சிறையை நடத்துவதும் சிறைக்கு மாற்றான கருவியை வாடகைக்கு விடுவதும் அன்று முதல் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன.

பியூ அறக்கட்டளையின் கணக்கெடுப்புப்படி, அமெரிக்காவில் 2005இல் ஏறத்தாழ 53,000ஆக இருந்த இக்கருவிகள் 2015இல் 1,25,000ஐத் தாண்டின.

மூவகைக் கருவிகள்

நிறுவனங்களை ஒப்பிடும் முன் அவை விற்பன ஒரே பொருள் அல்ல என்பதை உணர வேண்டும். வானொலி அலைக் கருவி மிகப் பழையது. காலிலுள்ள பட்டை அனுப்பும் அலையை வீட்டில் வைக்கப்பட்ட பெட்டி ஏற்கிறது. அணிந்தவர் வீட்டில் இருக்கிறாரா, இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வெளியே சென்றவர் எங்கே சென்றார் என்பது தெரியாது. இரவு நேர வீட்டுக்காவலுக்கு அது போதும்.

ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோள் அலைகளைக் கொண்டு இடத்தைக் கணித்து, கைப்பேசி வலையமைப்பின் வழியே நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. பாதிக்கப்பட்டவரின் வீடு, பள்ளி முதலிய தடைப்பகுதிகளை இதில் குறிக்கலாம். ஆனால் இது இரு வலையமைப்புகளை நம்பியிருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்களின் உள்ளே செயற்கைக்கோள் அலை வலுவிழக்கும். சுவர்களில் பட்டுத் தெறிக்கும் அலையால் வரைபடத்தில் புள்ளி தெருவைத் தாண்டி நகரும். வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பவர் அடுத்த தெருவில் நடமாடுவதாகப் பதிவாவது இவ்வாறுதான். நாள்தோறும் மின்னேற்றமும் செய்ய வேண்டும். சுவரின் மின்செருகிக்கு அருகே காலை நீட்டி அமர்ந்திருப்பது அணிந்தோரின் அன்றாடக் கடமையாகிறது.

மூன்றாவது, வியர்வை வழி வெளிப்படும் மதுவின் அளவைத் தோலின் மீதிருந்தே அளக்கும் கருவி. 2003 முதல் சந்தையிலுள்ள ஸ்கிராம் கருவி இவ்வகையில் பெயர்பெற்றது, அரைமணிக்கொருமுறை அளவெடுக்கும். குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்குகளுக்கு இது பொருந்தும்.

குறைந்த ஆபத்துடையோருக்கும் ஜிபிஎஸ் கருவியையே கேட்கும் ஒப்பந்தப்புள்ளிகள் உள்ளன. அதனால் பயன் பெருகுவதில்லை, எச்சரிக்கைகளே பெருகுகின்றன.

நான்கு தோல்விகள்

முதலாவது, கருவியின் தோல்வி. கலிபோர்னியா மாநிலச் சீர்திருத்தத் துறை 2011இல் தன் பயன்பாட்டிலிருந்த ஜிபிஎஸ் கருவிகளைச் சோதித்தது. மாநிலத்தின் ஒரு பகுதியில் பயன்பட்ட 3எம் நிறுவனக் கருவிகளில் மின்கலம் விரைவில் தீர்ந்தது, உறை விரிசல் விட்டது, காட்டிய இடம் சிலவேளை மூன்று மைல் வரை பிழைத்தது என்று சோதனை கூறியது. துறை அக்கருவிகளைக் களைந்து போட்டி நிறுவனத்தின் கருவிகளை அணிவித்தது. பொதுமக்களுக்கு இச்செய்தி 2013இல்தான் நாளிதழ் வழியே தெரிந்தது. இங்கே கருத வேண்டியது, அக்கருவிகள் ஒப்பந்தப்புள்ளிகளைத் தாண்டி ஏற்கெனவே பல்லாயிரம் கால்களில் ஏறியிருந்தன என்பது. விளக்கக் குறிப்பில் உள்ள எண்ணும் வேர்த்த காலில், மோதுண்ட உறையில், நகர நெரிசலில் கிடைக்கும் எண்ணும் ஒன்றல்ல. அமெரிக்க நீதித்துறையின் தேசிய நீதி நிறுவனம் இக்கருவிகளுக்கான செந்தர அளவையை 2016இல்தான் வெளியிட்டது.

இரண்டாவது, சர்வரின் தோல்வி. 2010 அக்டோபரில் பிஐ நிறுவனத்தின் தரவுத்தளம் 210 கோடிப் பதிவுகள் என்னும் தன் எல்லையைத் தொட்டு நின்றது. 49 மாநிலங்களில் ஏறத்தாழ 16,000 பேரின் கண்காணிப்பு சுமார் 12 மணிநேரம் அற்றுப்போனது. கருவிகள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. அவை அனுப்பியதைத் துறைகளுக்குச் சொல்ல இயலவில்லை. அணிந்திருந்தவர்களுக்கு இது தெரியாது. கோளாறு சரியானபின் விடுபட்ட பதிவுகளும் வந்து சேர்ந்தன. மின்கலத்தையும் பட்டையையும் எவ்வளவு நுணுகிச் சோதித்தாலும் இக்குறை வெளிப்பட்டிராது. சர்வர் நின்றால் எத்தனை நிமிடத்திற்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், மாற்றுச் சர்வர் எங்கே உள்ளது, கருவி எவ்வளவு நேரப் பதிவைத் தன்னுள் சேமித்துவைக்கும் என்பன ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை.

மூன்றாவது தோல்வியே மிகக் கொடியது. 2013 மார்ச்சில் கொலராடோ மாநிலச் சீர்திருத்தத் துறையின் தலைவர் டாம் கிளெமென்ட்ஸ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி எனக் கருதப்படுபவர் பரோலில் வந்தவர். ஐந்து நாள்களுக்கு முன்பே தம் கணுக்கால் பட்டையைச் சிதைத்திருந்தார். கருவி அதனை உணர்ந்தது, எச்சரிக்கையும் எழுந்தது. ஆனால் கைது ஆணை பிறப்பிக்கப்பட்டது கொலை நடந்த மறுநாள். அலுவலர்களை எளிதில் குறைகூறலாம். பின்னர் வெளிவந்த ஒரு கணக்கைப் பார்த்தால் அவ்வாறு கூறத் தயங்க வேண்டியிருக்கும். அம்மாநிலத்தின் 212 பரோல் அலுவலர்களுக்கு ஆறு மாதத்தில் ஏறத்தாழ 90,000 எச்சரிக்கைகளும் அறிவிப்புகளும் வந்திருந்தன என்று அசோசியேட்டட் பிரஸ் ஆய்ந்து எழுதியது. ஓர் அலுவலருக்கு மாதம் 70 ஆகிறது. அவற்றுள் மின்கலம் குறைந்தது எத்தனை, அலை தவறியது எத்தனை, உண்மையாகவே பட்டை அறுந்தது எத்தனை என்று பிரித்தறிவதே பெரும்பணி. 'புலி வருது' கதையில் போல, பொய்யெச்சரிக்கை மிகுந்த இடத்தில் மெய்யெச்சரிக்கை கேட்பாரற்றுப் போகிறது.

ஆகவே, ஒரு நிறுவனத்தை மதிப்பிடும் துறை முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நூறு கருவிகளை ஒரு மாதம் அணிவித்தால் எத்தனை எச்சரிக்கைகள் எழும், அவற்றுள் எத்தனை மனிதத் தலையீட்டை வேண்டுவன? இதற்கு விளக்கக் குறிப்பிலிருந்து விடை கிடைக்காது. போட்டி நிறுவனங்களின் கருவிகளைத் துறையின் ஊழியர்களே சில வாரங்கள் அணிந்து, அன்றாட வாழ்வை நடத்திப் பார்த்தால்தான் கிடைக்கும். எச்சரிக்கைகளைத் தன் கட்டுப்பாட்டறையிலேயே நிறுவனம் வடிகட்டித் தர முன்வருவதும் உண்டு. அலுவலரின் சுமை அதனால் குறையும். ஆயினும் எது மீறல், எது கோளாறு என்ற தீர்ப்பின் ஒரு பகுதி நீதிமன்றத்திற்குப் பொறுப்பில்லாத ஊழியரிடம் போய்விடுகிறது. இத்தீர்ப்பு பிழைக்கும்போது மறுபுறத்திலும் துன்பம் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில், தாம் எதையும் மீறாதிருந்தும் அலை தவறியதால் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகக் கருவி அணிந்தோர் கூறியதை 2013இல் அம்மாநிலப் புலனாய்வுச் செய்தி அமைப்பு வெளியிட்டது. வேலையிலிருந்து அழைத்துச் செல்லப்படுபவருக்கு அந்த வேலை மறுநாள் இருப்பதில்லை.

நான்காவது, கணக்கின் தோல்வி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கண்காணிப்புச் சேவையை நடத்திய ஜி4எஸ், செர்கோ ஆகிய இரு நிறுவனங்களும், இறந்துபோனவர்கள், மீண்டும் சிறைக்குச் சென்றவர்கள், நாட்டை விட்டே வெளியேறியவர்கள் ஆகியோரைக் கண்காணித்ததாகவும் அரசிடம் கட்டணம் பெற்றிருந்தன என்பதை 2013 ஜூலையில் நீதித்துறை அமைச்சர் கிறிஸ் கிரேலிங் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். செர்கோ 6.85 கோடி பவுண்டைத் திருப்பிச் செலுத்த உடன்பட்டது. ஜி4எஸ் 2014இல் ஏறத்தாழ 10.9 கோடி பவுண்டுக்கு உடன்பட்டது. கட்டணம் கருவிக்கா, ஆளுக்கா, நீதிமன்ற ஆணைக்கா என்பதை ஒவ்வொரு தரப்பும் தனக்கேற்பப் பொருள்கொண்டதும், கண்காணிப்பு முடிந்தது எப்போது என்று நிறுவனத்திற்கு முறையாகத் தெரிவிக்கும் ஏற்பாடு வலுவற்றிருந்ததும் இவ்வளவு தொகை சேர இடமளித்தன. ஒப்பந்தத்தில் நாள் வாடகை எவ்வளவு என்பதை விட, நாள் என்று எண்ணப்படுவது எது என்பதே பெரிய கேள்வியாயிற்று.

யார் செலவு?

அமெரிக்காவின் பல மாவட்டங்களில் அரசு எதுவும் கொடுப்பதில்லை; கருவி அணிந்தவரே நிறுவனத்திற்குக் கட்டணம் செலுத்துகிறார். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் வழக்கு முடியாதவர்களிடமே நாளொன்றுக்கு 10 டாலர் பெறப்பட்டதைப் புரோபப்ளிகா 2019இல் விரிவாக எழுதியது. மாதம் 300 டாலர் என்பது கூலித் தொழிலாளிக்கு வீட்டு வாடகையில் பெரும்பகுதி. இவ்வமைப்பில் துறையின் ஒப்பீட்டு அட்டவணையில் 'விலை' என்ற கட்டத்தில் சுழியம் இருக்கும். மிக மலிவான நிறுவனமாகத் தோன்றுவது அணிந்தவருக்கு மிகச் செலவானதாக இருக்கலாம். கட்டணம் தவறியவரைப் பற்றி நிறுவனம் நீதிமன்றத்திற்கு அறிக்கை அனுப்பும் நிலையில், கடன் கொடுத்தவரும் கண்காணிப்பவரும் ஒருவராகிறார். விலைகளை ஒப்பிடும்போது துறை செலுத்துவதையும் அணிந்தவர் செலுத்துவதையும் கூட்டியே ஒப்பிட வேண்டும்.

ஸ்வீடன் வேறு வழியைக் கொண்டது. 1994இல் சோதனையாகத் தொடங்கிய திட்டத்தை அங்கே அரசின் நன்னடத்தைத் துறையே நடத்துகிறது. கருவி மட்டும் வெளியிலிருந்து வருகிறது. அணிந்தவருக்கு வேலையோ படிப்போ இருக்க வேண்டும். அலுவலர் அவரைச் சந்தித்துக்கொண்டே இருப்பார். புளோரிடாவில் நடந்த ஆய்வொன்று மின்னணுக் கண்காணிப்பு மேற்பார்வையில் தவறும் வாய்ப்பை ஏறத்தாழ 31 விழுக்காடு குறைத்ததாக 2010இல் கண்டது. இக்கருவிகளை விற்போர் மேற்கோள் காட்ட விரும்பும் எண் இது. அங்கும் கண்காணிப்பு அலுவலரின் மேற்பார்வையோடு சேர்ந்தே நடந்தது.

இங்கிலாந்து தன் பழைய பிழையைத் திருத்த முனைந்து மற்றொன்றில் சிக்கியது. முழுச் சேவையையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பதை விடுத்து, கருவி, வலையமைப்பு, வரைபடம், களப்பணி என நான்காகப் பிரித்தது. சந்தையில் இல்லாத புதுக் கருவியொன்றையும் தனக்கெனச் செய்யக் கேட்டது. அக்கருவி உருவாகவேயில்லை, 2016இல் அம்முயற்சி கைவிடப்பட்டு, சந்தையிலுள்ள கருவிகளுக்கே அரசு திரும்பியது. கருவி வழங்கும் ஒப்பந்தம் ஜி4எஸ் நிறுவனத்திற்கும், 2024 முதல் களப்பணி செர்கோவுக்கும் சென்றன. கட்டண முறைகேட்டில் பெயர் அடிபட்ட அதே இரு நிறுவனங்கள் மீண்டும் வந்தது பலருக்கு வியப்பளித்தது. இப்பணியைப் பெரிய அளவில் செய்யவல்லவை மிகச் சில என்பதை எண்ணினால் வியப்பில்லை. செர்கோ பொறுப்பேற்ற சில மாதங்களில் கருவி பொருத்தக் காத்திருப்போர் குவிந்தனர். அரசு அபராதம் விதித்தது. கருவி இருந்தது, அதைக் காலில் பூட்டுவதற்கு ஆள் போதவில்லை.

இந்தியாவில்

2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் காவல்துறை, பிணையில் வந்த ஒருவருக்கு ஜிபிஎஸ் கணுக்கால் பட்டையை அணிவித்தது. அதே ஆண்டு மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டம், கண்காணிப்புக் கருவி அணிய இசையும் சிறைவாசிக்கு விடுப்பு வழங்க இடமளிக்கிறது. 2024 ஜூலையில் பிராங்க் வைட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிணையில் உள்ளவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை தொடர்ந்து அறிய வழிசெய்யும் நிபந்தனை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் அந்தரங்க உரிமைக்கு முரணானது என்றது. அவ்வழக்கில் பேசப்பட்டது கணுக்கால் பட்டை அன்று. கூகுள் வரைபடத்தில் இருப்பிடத்தைப் பகிரும்படி விதித்த நிபந்தனையே. தண்டனை பெற்றவரின் விடுப்பும் தண்டனை பெறாதவரின் பிணையும் சட்டத்தின்முன் வேறுவேறு என்பதால், கருவி வாங்க முனையும் மாநிலம் யாருக்கு அணிவிக்கப் போகிறது என்பதை முதலில் வரையறுக்க வேண்டியிருக்கும்.

மாதிரிச் சட்டத்தில் மற்றொரு கூறும் உண்டு. மீறல் நேர்ந்தால் விடுப்பு இரத்தாகும். எதிர்காலத்தில் விடுப்புப் பெறும் தகுதியும் போகும். மின்தடையுள்ள சிற்றூரில் மின்கலம் தீர்ந்துபோவதும், மலையடிவாரத்தில் கைப்பேசி அலை கிட்டாமற்போவதும் மீறலாகுமா என்பதை மாநிலங்கள் வகுக்கும் விதிகளும், அவற்றையொட்டி எழுதப்படும் ஒப்பந்தங்களுமே சொல்ல வேண்டும்.