இக்தமோல்

இக்தமோல் என்பது கந்தகம் செறிந்த எண்ணெய்க் களிப்பாறையிலிருந்து பெறப்படும் ஒரு மருந்துப் பொருள் ஆகும். கரும்பழுப்பு நிறமும் தார் போன்ற கடும் மணமும் கொண்ட இக்குழம்பு, தோல் நோய்களுக்கான களிம்புகளில் பயன்படுகிறது. இது இக்தியோல் என்ற வணிகப் பெயராலும் அறியப்படுகிறது.

பெயர்க்காரணம்

கிரேக்க மொழியில் 'இக்தியிஸ்' என்றால் மீன் என்று பொருள். எனினும் இது மீன் எண்ணெய் அன்று. மூலப்பாறையில் மீன்களின் தொல்லுயிர் எச்சங்கள் காணப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது.

வரலாறு

ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதி மக்கள் இவ்வகைப் பாறைகளை வறுத்து 'கல் எண்ணெய்' எடுத்து, மனிதர்க்கும் கால்நடைகளுக்கும் பூசி வந்தனர். அவ்வெண்ணெய் நீரில் கரையாது. 1880களில் ருடால்ப் சுரோட்டர் என்பவர் அதனை நீரில் கரையும் பொருளாக மாற்றினார். செருமனியின் ஆம்பர்கு நகரத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா (1850–1929) இதனை மருத்துவத்தில் பரவச் செய்தார். 1884இல் அந்நகரில் இதனைத் தயாரிக்கும் நிறுவனம் தொடங்கப்பட்டது.

தயாரிப்பு

களிப்பாறை காற்றில்லாமல் சூடாக்கப்படும்போது எண்ணெய் ஆவியாகி வெளியேறுகிறது. குளிர்வித்துப் பெறப்படும் இவ்வெண்ணெய் கந்தக அமிலத்துடன் வினைபுரியச் செய்யப்பட்டு, பின்னர் அமோனியாவால் நடுநிலையாக்கப்படுகிறது. இது தனிச் சேர்மம் அன்று. பல கந்தகச் சேர்மங்களின் கலவை ஆகும். நிலக்கரித் தார் இதனைப் போலவே தோன்றினாலும், அது நிலக்கரியிலிருந்து பெறப்படும் வேறு பொருளாகும்.

பயன்கள்

இக்தமோல் அழற்சியைத் தணிக்கிறது. நுண்ணுயிர்களையும் பூஞ்சைகளையும் ஓரளவு கட்டுப்படுத்துகிறது. பெரும்பாலும் 10% அல்லது 20% களிம்பாகக் கரப்பான், காளாஞ்சகப்படை, முகப்பரு, கட்டிகள் ஆகியவற்றுக்குப் பூசப்படுகிறது. கிளிசரினுடன் கலந்து புறச்செவி அழற்சிக்கும் பயன்படுத்தப்படுகிறது. சீழையும் முள்ளையும் இது வெளியே இழுக்கும் என்பது நெடுங்கால நம்பிக்கை. ஆடைகளில் கறை படிவதும் சிலருக்குத் தோல் எரிச்சல் ஏற்படுவதும் இதன் குறைகள்.

பெயர்க் குழப்பம்

ஆங்கில வழக்கில் இக்தமோல் களிம்பு 'கறுப்புக் களிம்பு' என்றும் அழைக்கப்படுகிறது. துத்தநாகக் குளோரைடும் சாங்குவினேரியா என்ற வட அமெரிக்கத் தாவரச் சாறும் கொண்ட, தோலை அரிக்கும் மற்றொரு கலவைக்கும் இதே பெயர் உண்டு. புற்றுநோய்க்கு மருந்து எனக் கூறி விற்கப்படும் அக்கலவைக்கு எதிராக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் எச்சரித்துள்ளது. அது நலமான தசையையும் அழிக்கும். மேற்புறம் ஆறியபின் அடியில் புற்று எஞ்சியிருக்கவும் கூடும். இக்தமோல் தோலை அரிப்பதில்லை. புற்றுநோயைக் குணப்படுத்துவதும் இல்லை. எனவே களிம்பின் நிறத்தையோ வழக்குப் பெயரையோ கொண்டு இவற்றை அடையாளம் காண இயலாது. உட்பொருள்களின் பெயர்களைக் கொண்டே வேறுபடுத்த வேண்டும்.