பேரலைத் துடைக்கும் முன் இதைப் படியுங்கள்

தேர்தல் முடிந்து, காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கிகள் வீடு திரும்பும் நாட்களில் ஒவ்வொரு முறையும் இதே கொடுமைதான். இரண்டு மாதமாக ஈரச் சுவரில் சாய்ந்து கிடந்த ரைஃபிள் செந்துரு பூத்து வருகிறது. பதறிப்போன உரிமையாளர், கையில் கிடைத்த இரும்புக் கம்பியில் பழந்துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் தோய்த்து, குழல் வாய் வழியாக உள்ளே விட்டு இடிக்கிறார். அதற்கும் அசையாவிட்டால் உப்புத்தாள், அதற்கும் மேலே லேத் பட்டறை. துருவால் கெட்ட பேரல்களைவிட இப்படித் துடைத்துக் கெட்டவற்றைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

எதற்கும் முன்னால் ஒன்று. மேகஸினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறங்கள், தோட்டா அமரும் அறையைக் கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும். ‘காலியாகத்தான் வைத்தேன்’ என்ற நினைப்பை மட்டும் நம்பாதீர்கள்.

ரைஃபிளின் உள்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் ஓடுகின்றன. குண்டைச் சுழலவிட்டு நேராகச் செலுத்துபவை அவைதான். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் குழல் வாயின் விளிம்பு. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் பின்னாலிருந்து தள்ளும் வாயு சமமாக வெளியேறாது, குறி தவறும். கம்பியை வாய் வழியாக விட்டு இடிப்பவர்கள் தேய்ப்பது அந்த விளிம்பைத்தான். .315 போன்ற போல்ட் ரைஃபிளில் போல்ட்டை உருவிவிட்டால் பின்பக்கம் முழுதாகத் திறந்துகொள்ளும். அந்த வழியாகவே துடையுங்கள். பின்பக்கம் திறக்காத வகை என்றால், கம்பி நடுவில் ஓடும்படி குழல் வாயில் பொருத்தும் வழிகாட்டி வளையம் இல்லாமல் தொடாதீர்கள்.

கம்பி வாங்கும்போது சிக்கனம் வேண்டாம். மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பிதான் மலிவு, ஆனால் அதன் மூட்டுகள் உள்சுவரை உரசும். அலுமினியம் மென்மையானது என்பதால் மணல் துகள் அதில் பதிந்து அரத்தைப் போல் அராவும். பூச்சு பூசிய ஒரே நீள எஃகுக் கம்பி அல்லது கார்பன் ஃபைபர் கம்பி நல்லது. கைப்பிடி தானாகச் சுழல வேண்டும், அப்போதுதான் துணி பள்ளங்களின் புரியைத் தொடர்ந்து ஓடும். அதற்கு வழியில்லாதவர்கள் புல்-த்ரூ கயிறு வாங்குங்கள். பழைய .303 ரைஃபிளின் கட்டைக்குள்ளேயே புல்-த்ரூவும் எண்ணெய்க் குப்பியும் வைத்திருப்பார்கள். கயிற்றையும் பின்பக்கத்திலிருந்து விட்டு நேராக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் கயிறும் விளிம்பைத் தேய்க்கும்.

பிரஷ் வெண்கலமாகவோ நைலானாகவோ இருக்கட்டும். எஃகு பிரஷ் கூடவே கூடாது. .22க்கு .22 பிரஷ், .315க்கு 8 எம்.எம். பிரஷ். உள்ளே போன பிரஷ் மறுமுனையில் முழுதாக வெளிவந்த பிறகே திரும்ப வேண்டும். செம்பு உறையிட்ட குண்டு சுடுகிறவர்கள் செம்பைக் கரைக்கும் திரவம் போடும்போது துணி நீலப்பச்சையாக வரும். அந்தத் திரவத்தோடு வெண்கல பிரஷைப் போட்டால் பிரஷே கரைந்து அதே நிறத்தைக் காட்டும், நீங்கள் இல்லாத அழுக்கைத் தேடித் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே நைலான்தான் சரி. உறையில்லாத ஈயக் குண்டு போடும் .22க்கு அந்தத் திரவமே வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், குளிரில் உறைந்துவிடும். மண்ணெண்ணெய் கரியை எடுக்கும், ஆனால் துருவிலிருந்து காக்காது. கடைசியில் துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். தோல் உறையும் துணி உறையும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அவற்றுக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். மறுபடி சுடும் முன் உலர்ந்த துணி ஒன்றை ஓட்டி எண்ணெயை எடுத்துவிட்டு, போல்ட் இல்லாமல் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே சிக்கிய ஒரு துண்டுத் துணி போதும், பேரல் வெடிக்க.

இனி சட்டம். கம்பிக்கும் பிரஷுக்கும் உரிமம் வேண்டாம், பழுது பார்ப்பதற்கு வேண்டும். 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 5ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உரிமம் இல்லாத லேத்காரரிடம் துப்பாக்கியைக் கொடுத்தால் அவர்மீது மட்டுமல்ல, 29ஆவது பிரிவின்படி உங்கள்மீதும் வழக்கு வரும். உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடமும் நேரில் கொண்டுபோவதே நல்லது. மகனையோ தம்பியையோ அனுப்ப வேண்டியிருந்தால், உங்கள் எழுத்துப்பூர்வமான அனுமதியோடு எடுத்துச் செல்ல 3ஆவது பிரிவு இடம் தருகிறது. வாயால் சொல்லி அனுப்பினால் செல்லாது. உரிம எண், துப்பாக்கி எண், எடுத்துச் செல்பவர் பெயர், எந்தக் கடைக்கு, என்ன வேலை, தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு, உரிம நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

உப்புத்தாளைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன். வெளிப்புறத் துருவைத் தேய்க்கிற வேகத்தில் பொறித்த எண் அழிந்தால் 8ஆவது பிரிவு குறுக்கே வரும். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்ததாகச் சட்டம் கருதும், இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு.

தேர்தல் நேரத்தில் ஒப்படைப்பவர்கள் ரசீது இல்லாமல் கையை எடுக்காதீர்கள். எழுத்தர் ‘அப்புறம் வாங்கிக்கலாம்’ என்பார், நின்று வாங்குங்கள். நம் துப்பாக்கியை நம்மிடம் வாங்கி வைக்கும் நிலையம் அதை உலர்ந்த இடத்தில் வைக்கக்கூட முனைவதில்லை என்பது பொறுத்துக்கொள்ளக் கூடியதல்ல. அதனால் ரசீதில் துப்பாக்கி எண்ணோடு ‘துருவின்றி, எண்ணெய் பூசிய நிலையில்’ என்று எழுதக் கேளுங்கள், பேரலையும் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வெளியாகி ஒரு வாரம் கழிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். வாங்கும்போது, மறக்காமல், முதலில் தோட்டா அறை காலியா என்று பாருங்கள். துரு இருந்தால் பதிவேட்டில் கையெழுத்திடும் முன் அந்த வரியிலேயே குறிப்பு எழுதுங்கள். அதன் நகலோடு மாவட்ட ஆட்சியருக்கும், மாநகரமென்றால் காவல் ஆணையருக்கும் விரைவுத் தபாலில் மனு அனுப்பி, ஒப்புகையை உரிமப் புத்தகத்தோடு வைத்திருங்கள்.