இரும்பில் எழுந்த இசை: பிரித்தானிய ஹெவி மெட்டல் இசைத்தட்டுகள் சில

சென்ற கோடை விடுமுறையில் யான் என் இல்லத்தில் ஓர் இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேனாக, என் தந்தையார் வந்து, "இஃது இசையா, இரைச்சலா?" என வினவினார். பாடுவோர் பிளாக் சபாத் என்னும் குழுவினர் என்றேன். கரிய ஓய்வுநாள் எனப் பொருள்படும் அப்பெயரைக் கேட்டலும் அவர் முகம் சுருங்கிற்று. "பேயை வணங்குவோர் பாட்டோ?" என்பது அவர்தம் இரண்டாம் வினா. அன்று யான் விடை பகர வல்லேனல்லேன். அவ்விரு வினாக்களையும் நம் மாணவரிற் பலர் தத்தம் இல்லங்களிற் கேட்டிருத்தல் கூடும். ஆதலின், ஹெவி மெட்டல், அஃதாவது கனவுலோகம், என வழங்கும் பிரித்தானிய இசையின் தொடக்கக் காலத்துத் தலையாய இசைத்தட்டுகள் சிலவற்றை எடுத்து, அவை பிறந்தவாற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றேன்.

கித்தாரின் ஒலியை மின்னாற்றலாற் பெருக்கிக் கரகரப்புறச் செய்து, 'ரிஃப்' எனப்படும் சிறு சுரக்கோவையொன்றைத் திரும்பத் திரும்ப வாசித்து, அதன்மேற் பாட்டினை எழுப்புதல் இவ்விசையின் இயல்பு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையே இதற்குத் தாய். 1969ஆம் ஆண்டில் லெட் செப்பெலின் குழுவினர் வெளியிட்ட முதலிரண்டு இசைத்தட்டுகளும் ப்ளூஸைப் பேரொலி உடையதாக்கின. எனினும், கனவுலோகத்துக்கே உரிய இருண்ட நிறம் தோன்றியது தொழிற்சாலைகள் நிறைந்த பர்மிங்ஹாம் நகரிலேயாம்.

அந்நகரின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த டோனி அயோமி என்பார் இரும்புத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துவந்தார். தம் 17ஆம் வயதில், இசையையே தொழிலாகக் கொள்ளக் கருதி, அவ்வேலையைவிட்டு நீங்கவிருந்த கடைசி நாளில், எந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் துணித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆகவே தந்திகளை அழுத்த வேண்டிய கை அவ்வலக்கையே. மனமுடைந்திருந்த அவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பாரின் இசைத்தட்டொன்றைக் கேட்பித்தார். ரைன்ஹார்ட் 1928இல் நேர்ந்த தீ விபத்தில் இரு விரல்களின் பயனை இழந்தும் பெருங்கலைஞராய் விளங்கியவர். அயோமி பிளாஸ்டிக் புட்டியொன்றை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டு மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தினார். சுருதி தாழ்ந்த தந்தி தளர்ந்து எளிதில் அழுந்தும். அதன் ஒலியோ கனத்துத் தோன்றும். கைக்கு எளிமை தேடப்போய்ச் செவிக்குக் கனம் வந்து வாய்த்தவாறு இது.

அயோமியும், பாடகர் ஆசி ஆஸ்போர்னும், பேஸ் கித்தார் வாசிக்கும் கீசர் பட்லரும், முரசு முழக்கும் பில் வார்டும் ஒருங்கு கூடிய குழுவே பிளாக் சபாத். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அவர்தம் முதல் இசைத்தட்டு, 1969 அக்டோபரில் ஒரே நாளிற் பதிவு செய்யப்பெற்று, 1970 பிப்ரவரி 13இல் வெளிவந்தது. மழையும் இடியும் ஆலய மணியுமாகத் தொடங்கும் அதன் முதற்பாட்டு மூன்றே சுரங்களால் இயன்றது. கீழ்ச் சட்சம், மேற்சட்சம், பின்னர்ப் பிரதி மத்திமம் என்று நம் இசைமுறையிற் கூறலாம். சட்சத்தினின்று பிரதி மத்திமத்துக்குள்ள இடைவெளி ஐரோப்பியச் செவிக்கு அமைதியின்மையை உணர்த்துவது. நம் நாட்டுக் கலியாணி இராகத்தில் இன்பம் பயக்கும் அச்சுரமே ஆண்டு அச்சம் விளைக்கின்றது!

அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்தது 'பேரனாய்ட்'. இசைத்தட்டின் நேரம் நிரம்பாமையாற் சிறிது பொழுதில் இயற்றிச் சேர்த்த பாட்டே அதற்குப் பெயராயிற்று. 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யிற் சில பாடல்களின் சுருதி மூன்று அரைச்சுரம் தாழ்த்தப்பட்டது. இம்மூன்றும் கனவுலோகத்தின் அடிப்படை எனல் மிகையன்று.

இனி, தந்தையாரின் இரண்டாம் வினாவுக்கு வருவோம். குழுவின் பெயர் 1963இல் வந்த திகிற்படம் ஒன்றினின்று எடுத்தது. முதல் இசைத்தட்டின் முதற்பாட்டு, கரிய உருவொன்றைக் கண்டு நடுங்கிக் கடவுளை நோக்கி ஓலமிடும் ஒருவன் கூற்று. அஃது அச்சமேயன்றி வணக்கமன்று. 'வார் பிக்ஸ்' என்னும் பாட்டு, ஏழைகளைப் போருக்கு அனுப்பித் தாம் ஒளிந்திருக்கும் தலைவரைச் சாடுவது. பாடல்களிற் பெரும்பாலனவற்றை எழுதிய பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 'ஆஃப்டர் ஃபாரெவர்' என்னும் பாட்டோ கடவுளை எள்ளுவாரை நோக்கி, மரணவேளையில் யாது செய்குவிர் எனக் கேட்கின்றது. அவர்கள் அணிந்த சிலுவைகளைத் தொழிற்சாலையிற் கருவி செய்யும் தொழிலாளியாகிய ஆஸ்போர்னின் தந்தையாரே அலுமினியத்தாற் செய்து கொடுத்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அக்காலத்து மற்றொரு பெருங்குழு டீப் பர்ப்பிள். 'இன் ராக்' (1970) என்னும் இசைத்தட்டில் ஜான் லார்டின் ஆர்கனும் ரிச்சி பிளாக்மோரின் கித்தாரும் மற்போர் புரிவன போல ஒலிக்கும். 1971 டிசம்பரில் அடுத்த இசைத்தட்டைப் பதிவு செய்ய அவர்கள் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூ நகர்க்குச் சென்றனர். பதிவுக்கெனக் குறித்திருந்த மாளிகை, வேறொருவர் இசை நிகழ்ச்சியின்போது அவையோருள் ஒருவன் செலுத்திய தீவாணத்தால் எரிந்தொழிந்தது. குழுவினர், குளிர்காலத்துக்கென மூடிக்கிடந்த விடுதியொன்றின் நடைவழிகளில் மெத்தைகளை அடுக்கி ஒலி தடுத்துப் பதிவை முடித்தனர். ஏரியின்மேற் புகை படர்ந்த அக்காட்சியே 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்னும் பாட்டாயிற்று. 1972இல் வெளிவந்த அவ்விசைத்தட்டின் பெயர் 'மெஷின் ஹெட்'.

ப்ளூஸின் சாயலைப் பெரிதும் களைந்து, கனவுலோகத்தைத் தனிவகையாக்கியவர் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவினர். இவரும் பர்மிங்ஹாமைச் சார்ந்தவரே. 'சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி' (1976) என்பதில் கிளென் டிப்டன், கே. கே. டவுனிங் என்னும் இருவரின் கித்தார்களும் இரட்டையராய் இயைந்து செல்வதைக் கேட்கலாம். 1980இல் வந்தது 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. இஃது அந்நாளில் அரசுக்குரியதாயிருந்த எஃகு நிறுவனத்தின் பெயர். டிப்டன் முன்னர் அதில் வேலை செய்தவர். இவ்விசைத்தட்டிற் கேட்கும் கண்ணாடி நொறுங்கும் ஒலி பாற்புட்டிகளை உடைத்துப் பெற்றது; உலோக உருக்கள் நடக்கும் ஒலியோ கரண்டியும் கத்தியும் நிறைந்த தட்டைக் குலுக்கிப் பெற்றது.

அதற்குமுன்பே, 1979இல், 'சவுண்ட்ஸ்' என்னும் வார இதழ் பிரித்தானியக் கனவுலோகத்தின் புதிய அலை எழுந்ததென எழுதிற்று. மோட்டர்ஹெட் குழுவின் 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' (1980) விரைவுக்கு எல்லை கண்டது. கிழக்கு இலண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் தோற்றுவித்த அயர்ன் மெய்டன் குழுவின் முதல் இசைத்தட்டும் 1980இல் வந்ததே. 1982இல் அவர்கள் வெளியிட்ட 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' வெளிப்படுத்தின விசேஷத்தின் எண்ணைப் பெயரிற் கொண்டமையால் அமெரிக்காவிற் சிலர் அதனைப் பழித்தனர். ஆயின் அப்பாட்டு ஹாரிஸ் கண்ட தீக்கனவொன்றின் வருணனையேயாம்.

2025 ஜூலை 5ஆம் நாள், பிளாக் சபாத்தின் முதல் நால்வரும் தாம் வளர்ந்த ஆஸ்டனிலேயே இறுதியாகக் கூடி வாசித்தனர். நடுக்குவாத நோயால் நிற்கமாட்டாத ஆஸ்போர்ன் இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். அம்மாதம் 22ஆம் நாள் அவர் மறைந்தார். தம் 17ஆம் வயதில் விரல் நுனிகளை இழந்த அயோமி, 77ஆம் வயதில் அன்றும் அவர் அருகில் நின்று கித்தார் வாசித்தார்.

இவ்விசை யாவர் செவிக்கும் இனிக்கும் என்று யான் கூறேன். ஆயினும், இரைச்சலென்று தள்ளுமுன் ஒருமுறை பொறுத்துக் கேட்டல் தகும். புதிதாகக் கேட்பார் 'பேரனாய்ட்'டில் தொடங்கி, 'மெஷின் ஹெட்', 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்னும் முறையிற் செல்க. வரும் விடுமுறையில் யானும் தந்தையார்க்கு அயோமியின் விரல்களின் கதையை முதலிற் சொல்லி, அதன்பின் இசைத்தட்டை இயக்கக் கருதியுள்ளேன். அவர் தீர்ப்பு யாதாயினும் ஏற்பேன்.