அகராதியில் சொல் தேடப் பயிற்றுவித்தலும் பகுதி காணும் அறிவும்

முன்னுரை

திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்துத் தந்தவை. மாணவர் அவற்றை ஓதி மனங்கொண்டனர். ஒரு சொல்லைப் பக்கம் புரட்டித் தேடும் தேவை அவர்களுக்கு எழவில்லை. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) அகரவரிசையை முறையாகக் கையாண்டது. அகராதிகள் பெருகிய பின்னர்த் தேடுதல் தனித்திறனாயிற்று. பள்ளிகளில் இத்திறன் பெரும்பாலும் ‘அகரவரிசைப்படுத்துக’ என்னும் பயிற்சியளவில் நின்றுவிடுகின்றது. சொல்லின் பகுதியைக் காணும் அறிவின்றித் தமிழ் அகராதியைப் பயன்கொள்ளல் இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

வரிசை அறிவு

வடிவ எளிமை கருதி ட, ப, ம போன்ற எழுத்துகளிலிருந்து தொடங்கிக் கற்ற குழந்தைக்கு நெடுங்கணக்கு வரிசை தானாக அமைந்துவிடாது. அதனைத் தனியே பயிற்றுதல் வேண்டும். மெய்யெழுத்து அதே வரிசையின் உயிர்மெய்க்கு முன்னர் வரும் என்பதும் உணர்த்தற்குரியது. கடல், கண், கண்ணாடி, கணக்கு என்பதே அகராதி வரிசை. ‘கண்ணாடி’க்கு முன் ‘கணக்கு’ வருமெனக் கருதும் மாணவர் இவ்வொரு விதியை அறியாதவரே.

தலைச்சொல்லும் வழக்குச்சொல்லும்

வரிசையைப் பிழையறக் கற்ற மாணவரும் பாடத்தில் காணும் ‘நின்றான்’ என்னும் சொல்லை அகராதியில் காண இயலாது. அகராதியின் தலைச்சொல் ‘நில்’ என்பதாகும். ‘மரத்தில்’ என்பதற்கு ‘மரம்’ என்றும், ‘பாற்குடம்’ என்பதற்குப் ‘பால்’, ‘குடம்’ என்றும் பிரித்தறிதல் வேண்டும்.

சொல் கிடைக்காமையினும் தவறான சொல் கிடைத்தலே பெருங்கேடு. ‘காட்டு விலங்கு’ என்னும் தொடரில் ‘காட்டு’ என்பதைத் தேடுபவர், சுட்டிக் காட்டுதலைக் குறிக்கும் வினையைக் காண்பர். ‘ஆற்று நீர்’ என்பதற்குச் சூடு தணித்தலைக் குறிக்கும் ‘ஆற்று’ கிடைக்கும். ‘கேட்டை விலக்கு’ என்பதில் ‘கேடு’ என்னும் பெயரை உணராதவர் விண்மீன் பெயராகிய கேட்டையில் சென்று முடிவர். தேடல் முடிந்தது என்னும் நிறைவால் இப்பிழை அவர்களுக்குப் புலப்படுவதுமில்லை.

ஏவல்வழிப் பகுதி காணல்

பகுபத உறுப்பிலக்கணம் உயர்நிலை வகுப்புகளிலேயே விரிவாகக் கற்பிக்கப்படுகின்றது. எனினும் தொடக்கநிலை மாணவர்க்கு இலக்கணக் கலைச்சொல் இன்றியே பகுதியைக் காட்ட இயலும். நன்னூலார் வினைப் பகாப்பதங்களை ஏவல் வடிவில் நிறுத்தி 23 வாய்பாடுகளாகக் காட்டுகின்றார். முன்னிலை ஒருமை ஏவல் குழந்தை நாள்தோறும் கேட்டுப் பழகிய வடிவம். ‘வந்தான் என்றால், ஒருவரை அவ்வாறு செய்யச் சொல்லும்போது என்ன சொல்வாய்?’ என்னும் ஒரு வினாவே ‘வா’ என்னும் தலைச்சொல்லைத் தந்துவிடும்.

இங்கு ஒரு தடையும் உண்டு. பேச்சில் நில், கேள் என்பன ‘நில்லு’, ‘கேளு’ என உகரம் பெறுகின்றன. அவ்வுகரம் நீங்கத்தக்கது எனவும், ஓடு, பாடு என்பவற்றின் உகரம் நிலையானது எனவும் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும். பெயர்ச்சொற்களுக்குக் காடு–காட்டில், ஆறு–ஆற்றை, மரம்–மரத்தால் எனச் சொற்குடும்பங்களை அடுக்கிக் காட்டல் போதும்.

சரிபார்த்தல்

கண்ட தலைச்சொல் உரியதுதானா என மாணவரே ஆராய அகராதியில் வழியுண்டு. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, வினைகளுக்கு ‘கேள் (கேட்க, கேட்டு)’ என்றாற்போல வடிவங்களைத் தருகின்றது. ‘கேட்டான்’ என்பதிலிருந்து தொடங்கியவர் ‘கேட்டு’ என்பதைக் கண்டதும் தம் தேடலை உறுதி செய்துகொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ‘படி-தல்’, ‘படி-த்தல்’ எனப் பிரித்துக் காட்டுவது, ‘தூசு படிந்தது’, ‘நூலைப் படித்தான்’ என்பவற்றை வேறுபடுத்தத் துணைபுரியும். இறுதியில், கிடைத்த பொருளைத் தொடரில் பொருத்திப் பார்த்தல் வேண்டும். பொருந்தாவிடின் தேடல் முடியவில்லை என்பதே பொருள்.

முடிவுரை

வரிசை அறிதல், பகுதி காணல், வடிவத்தால் உறுதி செய்தல், தொடரில் பொருத்துதல் என்னும் நான்கு படிகளும் சேர்ந்ததே தமிழில் அகராதிப் பயிற்சி. இன்று முதற்படி ஒரு வகுப்பிலும் இரண்டாம்படி தேர்வு வினாவாக மற்றொரு வகுப்பிலும் தொடர்பின்றி நிற்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பின், இலக்கணம் மதிப்பெண்ணுக்குரிய பகுதியாக மட்டும் நில்லாது, அறியாத சொல்லின் பொருளைத் தாமே காணும் கருவியாகச் சிறார்க்குப் பயன்படும்.