கடல்நீர் புகுந்த மின்னணுப் பொறிகள்: பழுதறிதலும் கைவிடுதலும்

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது பொத்துவிலும் கல்முனையும் அடங்கிய அம்பாறை மாவட்டமே. அவ்விழப்பின் முன் பொறிகளின் சேதம் சிறிது. ஆயினும் எஞ்சியோரின் பிழைப்புக்குப் பொறிகளும் வேண்டியிருந்தன. நனைந்த பொறியைக் காயவைத்து இயக்கிப் பார்ப்பது பலரின் வழக்கம். கடல்நீரைப் பொறுத்தவரை அதுவே பெருங்கேடு.

கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாகும், உப்போ தங்கும். சோடியங் குளோரைட்டு, ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைக் கடந்ததும் கசியத் தொடங்கும். மகனீசியங் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். எனவே கரையோரத்தில் அப்பொறி உலர்ந்ததுபோல் தோன்றுமேயன்றி உலர்வதில்லை. அந்நிலையில் மின்னைச் செலுத்தின் மின்பகுப்பு நிகழ்ந்து செப்புத் தடங்கள் அரிக்கப்படும்.

ஆதலின் முதலில் மின்னைத் துண்டித்து, நன்னீரால் உப்பைக் கழுவுதல் வேண்டும். உலர்த்தலும் காவலித் தடையை அளத்தலும் அதன் பின்னரே. மோட்டாரை இவ்வாறு மீட்கலாம். வேண்டுமாயின் சுருளையும் புதிதாகச் சுற்றலாம். சுற்றுடைப்பானை மீட்க முயலலாகாது. உள்ளரிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆபத்து வேளையில் அது துண்டிக்கத் தவறின் உயிர் போகும்.

ஐயத்துக்குரியது மோட்டாரின் வேகத்தை ஆளும் மின்னணுக் கருவியே. அதன் பல்படைச் சுற்றுத்தட்டின் துளைகளிற் புகுந்த உப்பு முற்றாக நீங்கியதென உறுதிகொள்ளல் அரிது. இன்று ஒரு திரான்சிற்றரை மாற்றினால் அடுத்த மாதம் இன்னொன்று கெடும். பழுது ஓரிடத்தில் நிற்பின் திருத்துக. பரவியிருப்பின், ஆலை மூடிக்கிடக்கும் நாட்களின் கூலியையும் கணக்கிற் சேர்த்தால், புதியது வாங்குவதே சிக்கனம். கழற்றுமுன் இணைப்புக்களை வரைந்து வைத்துக்கொள்ளல் நன்று.