சிவப்பு எண்ணெயின் சூடும் குளிரும்

தானியங்கி கியர்பாக்ஸுக்குள் ஓடும் எண்ணெய்க்கு நான்கு வேலைகள். டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழன்று என்ஜினின் விசையைக் கடத்துவது அதுதான். பிஸ்டன்களைத் தள்ளி, கிளட்ச் தகடுகளை இறுக்கி, கியரை மாற்றுவதும் அதுதான். பல்சக்கரங்களுக்கு மசகும் அதுவே. நான்காவது வேலை, உள்ளே பிறக்கும் சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுபோவது. கடைகளில் ஏ.டி.எஃப். என்று கேட்டு வாங்கப்படும் இந்தச் சிவப்பு எண்ணெய் மற்ற மூன்று வேலைகளையும் சரியாகச் செய்வது, அதன் வெப்பநிலை எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

சூட்டில் பெரும்பங்கு டார்க் கன்வெர்ட்டரில் பிறக்கிறது. எதிரெதிரே நிற்கும் இரண்டு இறக்கைச் சக்கரங்களில் ஒன்று என்ஜினோடு சுழல்கிறது; மற்றொன்று எண்ணெயின் தள்ளலில் அதைப் பின்தொடர்கிறது. இரண்டின் வேகத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தால் வீணாகும் சக்தி எண்ணெயில் சூடாக இறங்குகிறது. மலையேற்றத்திலும், பாரம் இழுக்கும்போதும், நின்று நின்று நகரும் நெரிசலிலும் இந்த வித்தியாசம் கூடும். சீரான வேகத்தில் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பிணைத்துவிட்டால் இந்தச் சூடு அநேகமாக நின்றுவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால், கியர்பாக்ஸைச் சேரும் சக்தி அத்தனையும் எண்ணெயைக் காய்ச்சவே போகிறது. பட்டறைகளில் செய்யும் 'ஸ்டால்' சோதனையை 5 விநாடிக்குமேல் நீட்டக் கூடாது என்று கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்.

பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் எண்ணெய்க்கு ஏற்ற சூடு ஏறக்குறைய 80 முதல் 95 டிகிரி செல்சியஸ். 120-ஐத் தாண்டினால் அது வேகமாக ஆக்ஸிஜனேற்றம் அடையும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சிதைவின் வேகம் சுமார் இரு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. சிவப்பு பழுப்பாகும், தீய்ந்த வாடை வரும், வால்வுகளில் வார்னிஷ் போன்ற படலம் ஒட்டும், ரப்பர் சீல்கள் இறுகும். குளிர்ந்த எண்ணெயிலும் தொல்லை உண்டு. டெக்ஸ்ரான்-6 வகை எண்ணெய் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் சுமார் ஐந்து மடங்கு கெட்டியாக இருக்கும். உறைபனிக் காலையில் அது இன்னும் பல மடங்கு இறுகி, பம்பைத் திணற வைக்கும்; எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். அதனால் பல கார்களில் எண்ணெய் ஓரளவு சூடேறும்வரை கணினி லாக்-அப்பையும் மேல் கியரையும் தள்ளிப்போடுகிறது.

இரண்டு தொல்லைகளுக்கும் நெடுங்காலமாக இருந்துவரும் தீர்வு ஒன்றே: ரேடியேட்டரின் தொட்டிக்குள் படுத்திருக்கும் ஒரு குழாய். டார்க் கன்வெர்ட்டரிலிருந்து வரும் சூடான எண்ணெய் அதற்குள் ஓடுகிறது. வெளியே கூலன்ட் சூழ்ந்து நிற்கிறது. குழாய் வைக்கப்படுவது வழக்கமாக, கூலன்ட் சூட்டை இழந்து வெளியேறும் பக்கத்துத் தொட்டியில். எண்ணெய் கூலன்ட்டைவிடச் சூடாக இருந்தால் ஆறுகிறது. கூலன்ட் முந்திக்கொண்டு சூடேறிவிட்டால் எண்ணெய் அதிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. கூலர் என்று பெயர் வைத்தாலும் அது அடுப்பும்தான். கூலன்ட்டைவிட எண்ணெயைக் குளிர வைக்க இதனால் முடியாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். உண்மையில் எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிராமல் காப்பது அந்தக் குணம்தான்.

ஆனால் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்பது மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே. தொடக்க கால ஏ.டி.எஃப்.-இல் எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெய் கலந்திருந்தது. 1970-களில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்ததும் ஜெனரல் மோட்டார்ஸ் கலவையை மாற்றியது. புதிய கலவை கூலர் குழாயின் ஈயப் பற்றையே அரித்தது. அரிப்பைத் தடுக்கும் பொருளைப் பிறகு சேர்க்க வேண்டியிருந்தது. இன்றும் சுவர் விரிசல் கண்டால் கதை அதேதான். என்ஜின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் பொதுவாக அதிகம் என்பதால் அது கூலன்ட்டுக்குள் புகும். என்ஜினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிடுகிறது. சூடான கூலன்ட்டிலோ அழுத்தம் எஞ்சியிருக்கிறது. அப்போது தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் இறங்கும். அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தால் ரோஸ்மில்க் போல நுரைத்த இளஞ்சிவப்புக் குழம்பு. கிளட்ச் தகடுகளின் காகிதம் போன்ற உராய்வுப் பட்டையைப் பிடித்திருக்கும் பசை, தண்ணீரிலும் கூலன்ட்டில் கலந்திருக்கும் கிளைகாலிலும் இளகிவிடும். கவனிக்காமல் சில நாள் ஓட்டினாலே கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டி வரலாம்.

பாரம் இழுக்கும் வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால், காற்று நேராக அடிக்கும் இடத்தில் தனிக் கூலர் ஒன்றைப் பொருத்துவார்கள். குளிர்நாடுகளில் அது எண்ணெயை வேண்டிய அளவுக்குக் கீழே இறக்கிவிடும் என்பதால், எண்ணெய் சூடேறும்வரை கூலருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திருப்பும் வால்வும் உடன் இருக்கும். அதற்குள் இருப்பது சூட்டில் விரியும் மெழுகு, மின்சாரம் தேவையில்லை.

டொயோட்டா, ஹோண்டா போன்ற நிறுவனங்களின் பல கார்களில் கியர்பாக்ஸின் மேலேயே சிறிய அலுமினியப் பெட்டி ஒன்று அமர்ந்திருக்கிறது. பெயரே 'வார்மர்'. அடுக்கிய மெல்லிய தகடுகளின் ஓர் இடைவெளியில் எண்ணெய், அடுத்ததில் என்ஜினிலிருந்து வரும் சூடான கூலன்ட் என மாறி மாறி ஓடும். கியர்பாக்ஸ் சீக்கிரம் சூடேறினால் உராய்வு குறைந்து எரிபொருள் மிச்சமாகும். ஆனால் குளிர்காலையில் அந்தச் சூட்டுக்குப் போட்டி உண்டு: என்ஜினுக்கும் வேண்டும், பயணிகளின் ஹீட்டருக்கும் வேண்டும். எனவே சில கார்களில் ஒரு வால்வு, என்ஜின் ஓரளவு சூடாகும்வரை கூலன்ட்டை வார்மருக்கு விடாமல் நிறுத்தி வைக்கிறது.

கூலரிலிருந்து திரும்பும் எண்ணெய் பல கியர்பாக்ஸ்களில் நேரே பல்சக்கரங்களுக்கு மசகாகப் போகிறது. கூலர் அடைத்தால் சூடு ஏறுவதோடு மசகும் குறைந்துபோகும். பழைய கியர்பாக்ஸ் உடைந்தபோது சிதறிய உலோகத் தூள் கூலருக்குள் தங்கியிருந்தால், புதிதாகப் பொருத்தியதும் பாழாகும்; அதனால் கூலரையும் நன்றாக அலசவோ மாற்றவோ வேண்டும்.

எண்ணெயின் அளவைப் பார்ப்பதும் சூட்டைப் பார்த்துத்தான். சூடேறினால் எண்ணெய் விரியும். அளவுக்கம்பி இல்லாத பல டொயோட்டா கார்களில் 40 டிகிரியை ஒட்டிய ஒரு குறுகிய எல்லையில்தான் அளவு பார்க்க வேண்டும். வண்டி சமமாக நிற்க, என்ஜின் ஓட, கியர்பாக்ஸின் அடியிலுள்ள அடைப்பானைக் கழற்றினால் அதிகப்படி எண்ணெய் தாரையாக வழியும். தாரை மெலிந்து சொட்டாக மாறும்போது மூட வேண்டும். அதற்குள் சூடு எல்லையைத் தாண்டிவிட்டால், என்ஜினை நிறுத்தி, எண்ணெய் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து.