ஆயிரம் புத்தகம் படிக்கும் பிள்ளை எப்படி உருவாகிறது?

2021இல் ஒரு செய்தி பத்திரிகைகளில் பரவலாக வந்தது. சென்னையைப் பூர்விகமாகக் கொண்ட, அமீரகத்தில் வசிக்கும் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுச் சிறுமிக்குப் பள்ளியில் காலெடுத்து வைக்கும் வயதுதான். 36 புத்தகங்களை 105 நிமிடம் இடைவிடாமல் படித்துச் சாதனைப் பட்டியலில் இடம்பிடித்தாள். இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம், திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீட்டில் குடியிருக்கும் அம்மாவுக்கும், ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒன்றியப் பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியைக்கும் ஒரே கேள்விதான் வரும்: அந்தப் பிள்ளை பிறவியிலேயே அப்படியா? நம்ம பிள்ளைங்களுக்கு அது வராதா?

வரும். அதற்கு முன் அந்த எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

105 நிமிடத்தில் 36 என்றால், ஒரு புத்தகத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மெல்லிய சிறார் புத்தகத்தைத்தான் அந்த வேகத்தில் முடிக்க முடியும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த வயதுக்கு அதுதான் ஏற்ற புத்தகம். பெங்களூருவைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் நிறுவனம் நடத்தும் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதை 250 சொற்களுக்குள் முடிந்துவிடும். நான்காம் நிலை 1,500 சொற்களைத் தாண்டும். முதல் நிலைப் புத்தகம் ஆயிரம் படித்தாலும் மொத்தம் இரண்டரை லட்சம் சொற்களைத் தாண்டாது. இன்னொரு பிள்ளை ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் கோடை விடுமுறையில் முடித்துவிட்டு, கணக்கில் ஒன்று என்று எழுதும். அதனால் “எத்தனை புத்தகம்?” என்று கேட்டு இரண்டு பிள்ளைகளை ஒப்பிடுவது வீண். எவ்வளவு எழுத்து கண்வழியாக உள்ளே போயிற்று என்பதுதான் விஷயம்.

அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1988இல் வெளியான ஆய்வுக்காக ஆண்டர்சன், வில்சன், ஃபீல்டிங் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று அன்றாடம் குறிப்பெழுத வைத்தார்கள். வரிசையின் நடுவில் நின்ற பிள்ளை புத்தகத்தோடு இருந்தது நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. ஆண்டுக்கு 2,82,000 சொற்கள். வரிசையின் முன்முனையில், நூற்றுக்கு இரண்டு பேருக்குள் வந்த பிள்ளை, நாளைக்கு 65 நிமிடம் படித்தது. ஆண்டுக்கு 43 லட்சம் சொற்களுக்கு மேல். கடைசிப் பத்து சதவீதத்தின் விளிம்பில் இருந்த பிள்ளைக்கு ஆண்டு முழுக்கக் கிடைத்தது 8,000 சொற்கள்.

இந்த 65 நிமிடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அபார மூளை எதுவும் அதற்குத் தேவையில்லை. ஒரு மணி நேரமும், தீராமல் வந்துகொண்டிருக்கும் புத்தகமும் போதும். ஆனால் முன்முனைப் பிள்ளை கண்ட சொற்கள், பின்முனைப் பிள்ளை கண்டதைப்போல ஐந்நூறு மடங்கு. படிக்கப் படிக்க வேகம் கூடுகிறது, வேகம் கூடினால் இன்னும் படிக்கத் தோன்றுகிறது. தடுமாறும் பிள்ளையோ புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்குகிறது, ஒதுங்க ஒதுங்கத் தடுமாற்றமும் கூடுகிறது. பிற்காலத்தில் கனடாவில் பணியாற்றிய கீத் ஸ்டனோவிச் 1986லேயே இந்தச் சுழலை விளக்கி எழுதினார்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தச் சுழலுக்குள் நுழைவதிலேயே இரண்டு படிகள் கூடுதல். முதலாவது எழுத்து. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம் ஒன்று என்று 247. எல்லாவற்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லைதான். ஆனாலும் கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் எழுத்துகள் கண்ணுக்குப் பழகச் சில ஆண்டுகள் பிடிக்கும். கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வும் இதையே சொன்னது: இந்த வகை எழுத்துமுறையில் தேர்ச்சி ஒரே ஆண்டில் வருவதில்லை, தொடக்கப்பள்ளிக் காலம் நெடுக நீள்கிறது.

இரண்டாவது, வீட்டில் பேசும் தமிழுக்கும் பக்கத்தில் அச்சாகும் தமிழுக்கும் உள்ள தூரம். “அப்பா ஷிப்டுக்குப் போயிட்டாரு” என்று பேசும் பிள்ளைமுன் “தந்தை பணிக்குச் சென்றுவிட்டார்” என்ற வரி நிற்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். விரல் எழுத்துக்கு எழுத்து நகரும். “சென்…று…விட்…” என்று வரும்போது முகத்தில் ஒரு தேடல் தெரியும். கடைசி எழுத்துக்கு வந்து சேரும்போது வரியின் தொடக்கம் மறந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தப் பிள்ளையின் கையில் அப்போது முப்பது பக்கப் புத்தகத்தைக் கொடுத்தால் நாலாம் பக்கத்தில் மூடி வைத்துவிடும். நாலு வரியில் முடியும் புத்தகம் என்றால், முடித்துவிட்டு “இன்னொண்ணு இருக்கா?” என்று கேட்கும். புத்தகம் முழுசாகப் படித்தேன் என்ற நினைப்பு அதற்குக் கிடைத்துவிட்டது. சின்னப் புத்தகங்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். எண்ணிக்கையைப் பெருமைக்காகக் கேட்கவில்லை, எழுத்தின்மேல் இருந்த விரல் விலகும்வரை பழக்கம் வேண்டும் என்பதற்காகக் கேட்கிறோம்.

அந்த இடத்துக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் ‘அசர்’ கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் திணறாமல் படித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 40.7 சதவீதம். பள்ளிகள் மூடிக் கிடந்த கொரோனாக் காலம் முடிந்து 2022இல் எடுத்தபோது அது 25.2 சதவீதமாக இறங்கியிருந்தது. நான்கில் ஒரு பிள்ளை.

அந்தச் சரிவைச் சரிசெய்ய அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2022 ஜூன் 13 அன்று அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். எட்டு வயதுக்குள் எழுத்தும் கணக்கும் கைவர வேண்டும் என்பது இலக்கு. பின்னர் ‘வாசிப்பு இயக்கம்’ வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் மெல்லிய கதைப் புத்தகங்களை அச்சடித்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். என் பார்வையில், சமீப ஆண்டுகளில் தமிழ்ப் பிள்ளைகளின் படிப்புக்காக நடந்தவற்றில் மிக உருப்படியான காரியம் இதுதான். படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமல்லாமல் படிக்கப் பழகும் பிள்ளைக்கும் ஏற்ற கதைகளை அரசே அச்சிட்டது. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் பள்ளிக்கு வருகின்றன. ஆனால் ‘நுழை’யில் தொடங்கி ‘பற’ வரைக்கும் வகுப்பில் இருப்பதை ஒரு பிள்ளை ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம். முடித்த பிள்ளைக்கு அடுத்து எங்கே போவது என்பதுதான் மாவட்டத்தின் உண்மையான பிரச்சினை.

அடுத்த புத்தகம் யார் கையிலிருந்து வருகிறது என்பது ஒருவரின் வாழ்க்கையையே தீர்மானித்ததற்கு எடுத்துக்காட்டு இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தது திருத்தணியில். வசதியில்லாத குடும்பம், உதவித்தொகையில் படிப்பு. கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். காசில்லாமல் கிடைத்த புத்தகம் தத்துவம் என்பதால் தத்துவம் எடுத்தார். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் கீழைத்தேய மதங்களும் அறமும் கற்பித்த பேராசிரியர் பொறுப்பு, நாட்டின் குடியரசுத் தலைவர் பதவி எல்லாம் அந்தப் பழைய புத்தகக் கட்டிலிருந்து கிளைத்தவை.

கும்மிடிப்பூண்டியில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. தேசிய நெடுஞ்சாலை 16ஐயும் புறநகர் ரயில் பாதையையும் ஒட்டி வளர்ந்த தொழில் பகுதி, ஆந்திர எல்லைக்கு மிக அருகில். உள்ளூர்த் தமிழ்க் குடும்பங்களும் தெலுங்கு பேசும் குடும்பங்களும் பல தலைமுறையாக இருக்கின்றன. இரும்பு உருக்கு ஆலைகளிலும் மற்ற கம்பெனிகளிலும் வேலை செய்யப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள் வாடகை அறைகளில் நெருக்கியடித்து இருக்கிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளை வீட்டில் இந்தியோ போஜ்புரியோ ஒடியாவோ பேசிவிட்டுத் தமிழ்ப் பள்ளிக்கு வருகிறது. மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் நிலைமை வேறு. ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் ஆண்டு இறுதியில் வந்து இறங்குகின்றன, மழைக்கு முன் ஜூன் வாக்கில் திரும்புகின்றன. அங்கே பள்ளியாண்டின் முதல் பாதி, இங்கே மறுபாதி. இரண்டு ஊரிலும் பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் பாதிதான் நிறைகிறது. ஒடிசாவிலிருந்து பாடப்புத்தகங்களை வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களைக் கொண்டு சூளையின் பக்கத்திலேயே வகுப்பு நடத்தும் முயற்சி இந்த மாவட்டத்தில் நடந்திருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் பாடப்புத்தகம் மட்டும் படித்து எந்தப் பிள்ளையும் வாசகனாக மாறியதில்லை. கதைப் புத்தகமும் கூடவே வர வேண்டும்.

கும்மிடிப்பூண்டியிலேயே இன்னொரு குடியிருப்பு இருக்கிறது: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிந்ததைக் கண்ட தலைமுறை வழி வந்த பிள்ளைகள் இவர்கள். 1984இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் முதலில் கைவைத்த வேலைகளில் படிப்பும் ஒன்று. மாலை வகுப்புகள் நடந்தன, முகாம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். ஒரே அறை வீடு, நிலையில்லாத வருமானம், குடியுரிமை இல்லாத நிலை எல்லாம் இருந்தும், பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைக்க ஆள் இருந்தால் பிள்ளை படிக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இனி பணத்துக்கு வருவோம், ஏனென்றால் பணம் இல்லை என்ற பதில் இங்கே செல்லாது. நாடு விடுதலையான அடுத்த ஆண்டே, 1948இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டு பாடுபட்டதன் பலன். அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. இன்று தமிழ்நாட்டில் சொத்துவரி ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலகத்துக்கென்று தனியாக வசூலாகிறது. வீட்டுக்கு மட்டுமல்ல, தொழிற்கூடத்துக்கும் இது உண்டு. ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் அந்த 10 பைசா சின்னத் தொகையாக இருக்க முடியாது. உள்ளாட்சிகள் வசூலித்த வரியை மாவட்ட நூலக ஆணைக் குழுவுக்கு முழுசாக, காலத்தில் செலுத்துவதில்லை என்ற புகார் தமிழ்நாடு முழுக்க நெடுங்காலமாக இருக்கிறது. ஒரு வார்டு உறுப்பினர் கேட்கலாம், ஒரு பெற்றோர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம்: நம் ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு, அதில் சிறார் புத்தகம் வாங்கியது எவ்வளவு?

2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டினார்கள். கட்டடம் நின்றது, பல ஊர்களில் கதவு திறக்கவில்லை. கதவு திறந்த இடத்திலும் நேரம் பொருந்த வேண்டும். அம்மா கம்பெனியில் ஜெனரல் ஷிப்ட், அப்பா நைட் ஷிப்ட் என்றால் நாலரை மணிக்குப் பள்ளி விட்டுவரும் பிள்ளையை நூலகத்துக்கு அழைத்துப்போக வீட்டில் ஆள் இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறார் தளம் அழகானதுதான், கும்மிடிப்பூண்டியிலிருந்து போய்வர அரை நாள் ஆகும். அப்படியானால் புத்தகம்தான் பிள்ளையைத் தேடி வர வேண்டும். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இன்று ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி வேன்கள் நாள் முழுக்க லைன் வீடுகளுக்கும் ஆலைக்கும் நடுவே ஓடுகின்றன. பெரிய ஆலைகளுக்குச் சமூகப் பொறுப்பு நிதியும் சட்டப்படி இருக்கிறது. வாரம் ஒரு முறை அதே வேனில் புத்தகப் பெட்டி ஒன்று போய்வருவதற்கு யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பெட்டியில் என்ன வைப்பது என்பதில் பெரியவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். காமிக்ஸும் கணக்குதான். ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்கும் பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சரளமாக வருகிறது. கதை முடிந்ததும் “நீதி என்ன?” என்று கேட்பதை நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழுத்தே தெரியாத அம்மாகூடப் படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம், பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். நாளைக்கு ஐந்து புத்தகம் படித்துக் காட்டப்பட்ட பிள்ளை, ஒன்றும் படித்துக் காட்டப்படாத பிள்ளையைவிட ஐந்து வயதுக்குள் சுமார் 14 லட்சம் சொற்கள் கூடுதலாகக் கேட்டிருக்கும் என்று 2019இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நாளைக்கு ஒன்று என்றாலும் வித்தியாசம் லட்சங்களில் வரும்.

மொழிக்கும் வழி இருக்கிறது. ஸ்டோரிவீவரில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று எல்லாவற்றிலும் கதைகள் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சடித்துக்கொள்ளத் திறந்த உரிமம் தந்திருக்கிறார்கள். சூளைக்கு வரும் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒடியா, எதிர்ப்பக்கம் தமிழ் என்றுகூட அச்சடிக்கலாம். ஆண்டு இறுதியில் சூளைக் குடும்பங்கள் வந்து இறங்கும்போது பெட்டி தயாராக இருக்க வேண்டுமென்றால், எந்தக் கதைகள், எத்தனை பிரதிகள், யார் செலவு என்பதை மாவட்ட நூலகமும் கல்வித் துறையும் ஆலைகளும் தீபாவளிக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும்.